அல்மெய்டாவின் நிலவறைகள்

கட்டில் விரிப்பின் இரண்டு மூலைகள் என் கையில் இருந்தன. மற்ற இரண்டும் லூர்தெஸின் கையில். ட்றையரிலிருந்து அப்போதுதான் எடுத்த விரிப்பு, விரல் நுனி சுட்டது. உதறி, இரண்டாய் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடக்கத் தொடங்கிய நேரம் என் மேலங்கிப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது.

காலை ஒன்பதரை மணி இருக்கும். 2009ஆம் ஆண்டு, ஈஸ்டர் கழிந்து ஒன்றிரண்டு கிழமை. ஸ்காபுரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அறை நிலத்துக்குக் கீழே, ஜன்னல் கிடையாது. அழுக்குத் துணி வண்டிகள் இறங்கும் சாய்வுப் பாதையின் கதவடியில் மட்டும்தான் சிக்னல் வரும். விரிப்பை விடாமலே அங்கே ஓடினேன். லூர்தெஸும் மற்ற முனையைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். விட்டால் நிலத்தில் படும், பட்டால் மறுபடி தோய்க்க வேண்டும்.

“அக்கா, நான் தாஸ்.”

என் தம்பி. வன்னியில் கடற்கரையோரமாய் ஒடுங்கிப்போன துண்டு நிலத்தில் மனைவி றீற்றாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் அகப்பட்டிருந்தவன். இரண்டு மாதமாய் அவன் குரலை நான் கேட்டிருக்கவில்லை.

“ஒரு நிமிஷம்தான் தந்திருக்கினம். பின்னால கியூ நிக்குது. நாலு பேரும் உயிரோட இருக்கிறம். பங்கருக்குள்ள இருக்கிறம். இஞ்ச சனம் கடனீரேரியில இறங்கி ஆமிப் பக்கம் போகுதுகள் அக்கா. கழுத்தளவு தண்ணி. போற வழியிலயும் சாகுதுகள். றீற்றா போவம் எண்டுறா. எனக்குத் தெரியேல்ல. போகவோ, இருக்கவோ? நீங்கள் சொல்லுங்கோ.”

நான் லூர்தெஸைப் பார்த்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. விரிப்பைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துத் தானும் பயந்துபோய் நின்றாள்.

“இருங்கோ,” என்றேன். “பங்கரை விட்டு வெளிக்கிடாதையுங்கோ. நிலத்துக்குக் கீழ இருக்கிற ஆக்கள்தான் தப்புவினம். கேட்டுதே? கீழயே இருங்கோ.”

“சரி அக்கா.”

தொடர்பு அறுந்தது. நாங்கள் விரிப்பை மடித்து முடித்தோம்.

இந்தப் பத்திரிகையில் இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து இந்த அத்தியாயத்தைச் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன். போன வாரம் என் கணவர் கார் பழகிய கதையை எழுதினேன். அதற்கு முதல் வாரம் மில்லிக்கனில் வீடு பார்க்கப் போய் மூக்குடைபட்ட கதை. விழுந்து விழுந்து சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லை.

குரூஸ்

நான் அந்த வேலைக்குச் சேர்ந்தது இதற்குச் சில வருடங்கள் முன்பு. முதல் நாள் லூர்தெஸ் என் நெஞ்சில் தொங்கிய பெயர் அட்டையைப் பார்த்தாள். பி. குரூஸ் என்று இருந்தது. பார்த்தவள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, மூச்சு விடாமல் ஏதோ ஒரு மொழியில் கொட்டத் தொடங்கினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் மண்ணாங்கட்டி போல நின்றேன். கடைசியில் களைத்துப்போய் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நீ போர்த்துக்கீசு இல்லையோ?”

“இல்லை. நான் மன்னார்.”

“அது போர்த்துக்கலில எந்தப் பக்கம்?”

எங்கள் இருவரின் ஆங்கிலமும் ஒரே அளவில் உடைந்தது. இரண்டு உடைசலும் பொருந்தியதால்தான் அத்தனை வருடம் பேசினோம். அவள் சொன்னதையெல்லாம் என்னுடைய ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அவள் அப்படித்தான் பேசினாள்.

மன்னார்க் கத்தோலிக்கரில் குரூஸ் என்றும் பீரிஸ் என்றும் ஏன் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அதன்பிறகு அவளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மேசையைத் தொட்டுக்காட்டி என்ன என்று கேட்பாள். மேசை என்பேன். தன் மொழியிலும் அதுதான் என்று துள்ளிக் குதிப்பாள். அலுமாரி, சப்பாத்து, மூக்குத் துடைக்கிற லேஞ்சி, பாண், போறணை. நாங்கள் நாள் முழுக்க மடித்து அடுக்கிய துவாய்கூட அவளுடைய பாட்டன்மார் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சொல்தான்.

“சொல்லை மட்டும் தரேல்ல,” என்றேன் ஒருநாள். “எங்கட ஊரில உங்கட ஆக்கள் ஒரு கோட்டையும் கட்டினவை. எங்களைக் கேட்டுக் கட்டேல்ல.”

“என்னைப் பாக்காதை. நான் அந்த நேரம் லீவு,” என்றாள்.

மன்னார்க் கோட்டைக்கு நான்கு மூலைகள். என் காலத்தில் அதற்குள் ஆட்டைத் தவிர வேறு யாரும் குடியிருந்ததாக ஞாபகமில்லை. அதைச் சொன்னபோது அவளுக்கு ஒரே இளக்காரம். தன்னுடைய ஊருக்குப் பன்னிரண்டு மூலை என்றாள்.

பஞ்சில் செய்த ஊர்

லூர்தெஸின் ஊர் அல்மெய்டா. போர்த்துக்கலின் கிழக்கு எல்லையில் இருக்கிறது. மதிலில் ஏறி நின்றால் ஸ்பெயின் தெரியுமாம். எல்லை ஊர் என்பதால் எந்த அரசன் எந்த அரசனோடு கோபித்துக்கொண்டாலும் முதல் அடி அல்மெய்டாவுக்குத்தான் விழும். அதனால் ஊரையே கோட்டையாகக் கட்டிவிட்டார்கள். கோட்டைக்குள் ஊர் இல்லை, ஊர்தான் கோட்டை.

ட்றையரின் வடிகட்டியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு படியும். ஒரு சுற்று முடிய அதை உரித்தெடுத்து எறிய வேண்டும். லூர்தெஸ் எறியமாட்டாள். இரும்பு மேசையில் பரப்பி, விரலால் கிள்ளிக் கிள்ளி இழுத்து, பன்னிரண்டு முனை உள்ள நட்சத்திரம் ஒன்று செய்வாள். அதுதான் ஊர்.

பத்துப் பன்னிரண்டு வயதில் கோடை விடுமுறைக்கு வரும் வெளியூர்க்காரரைக் கூட்டிக்கொண்டு ஊர் காட்டித் திரிந்தவள் அவள். அந்த ஒழுங்கு நாக்கில் பதிந்திருந்தது. முதலில் அகழி. தண்ணீர் இல்லாத அகழி, விழுந்தால் கால் முறியும். பிறகு சிலுவை வாசல். அது நேரே போகாது, இருட்டுக் குகை போல வளைந்துதான் உள்ளே போகும், எதிரி நேராய்ச் சுட முடியாதபடிக்கு. பிறகு குதிரை பழக்கும் முற்றம். பிறகு மணிக்கூட்டுக் கோபுரம், அதன் காலடியில் சவக்காலை. பிறகு பழைய கோட்டை இருந்த இடம். கடைசியில் நிலவறைகள். நடுவில் நான் ஏதும் கேட்டால் கையை உயர்த்தித் தடுப்பாள். செபமாலையில் மணி தாண்டக்கூடாது என்பதுபோல.

“தூரத்தில நிண்டு பாத்தால் எங்கட ஊர் தெரியாது,” என்பாள். “மதில் உயரமில்லை. புல்லு மூடிக் கிடக்கும். கிட்டப் போனால்தான் வாயைப் பிளப்பாய்.”

பழைய கோட்டை இருந்த இடத்தில் இப்போது அத்திவாரக் கற்கள் மட்டும்தான் இருக்கின்றன. அந்தக் கதைக்கு வரும்போது பஞ்சு நட்சத்திரத்தின் நடுவில் விரலை வைத்து அழுத்துவாள். ஓட்டை விழும்.

ஒழுகிய பீப்பா

இருநூறு வருடம் முந்திய கதை. பிரெஞ்சுப் படை ஊரைச் சுற்றி வளைத்து நிற்கிறது. ஊரின் வெடிமருந்து முழுவதும் பழைய கோட்டைக்குள், தேவாலயத்துக்குப் பக்கத்தில். பகலெல்லாம் பீப்பா பீப்பாவாய் உருட்டிக்கொண்டு மதிலடிக்குப் போகிறார்கள். அதில் ஒரு பீப்பா ஒழுகியது. உருட்டியவன் கவனிக்கவில்லை. மருந்து வாசலிலிருந்து முற்றம் வரைக்கும் மெல்லிய கோடாய்ச் சிந்திக் கிடந்தது.

பின்னேரம் ஒரு குண்டு வந்து அந்தக் கோட்டில் விழுந்தது.

கோட்டை போனது, தேவாலயம் போனது, வீடுகள் போயின, நூற்றுக்கணக்கில் ஆட்கள் போனார்கள். முற்றத்தில் நின்ற ஒருவன் மட்டும் தீ ஓடி வருவதைக் கண்டு, பாண் சுடும் போறணைக்குள் பாய்ந்து தப்பினான் என்று லூர்தெஸ் சொல்வாள். போறணை என்ற சொல்லை எனக்காகத் தமிழில் சொல்வாள்.

“அப்ப ஊர்ச்சனம்?” என்று கேட்பேன். விடை தெரிந்துகொண்டே கேட்பேன்.

“ஊர்ச்சனம் நிலவறைக்குள்ள. இருபது அறை. மேல மண், புல்லு. உள்ளுக்கு ஒரு கிணறு, காத்து வர ஓட்டை. வெளியில நிண்டவன் செத்தான். கீழ இருந்தவன் தப்பினான்.”

அங்கே கதை முடியும். பஞ்சைத் திரட்டி வாளிக்குள் போட்டுவிட்டு அடுத்த வண்டித் துணியைத் தள்ளுவாள்.

முதலில் இதை நான் பொழுதுபோக்காகத்தான் கேட்டேன். தம்பி மன்னார்த் தீவை விட்டு அடம்பன் பக்கம் கலியாணம் கட்டிப் போனவன். சண்டை அந்தப் பக்கம் வந்தபோது சனத்தோடு சனமாய் எழும்பினவன், கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போய்க்கொண்டே இருந்தான். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பங்கர் வெட்டினான். “இது எட்டாவது, அக்கா. இனி எனக்கு ஒரு பட்டம் தரலாம்,” என்று தை மாதம் சொன்னான். அதற்குப் பிறகுதான் நான் லூர்தெஸிடம் அந்தக் கதையைக் கேட்டு வாங்கத் தொடங்கினேன்.

அந்தக் குளிர்காலத்தின் மிச்ச நாள் முழுவதும், நாளுக்கு ஒரு தரமாவது, நிலவறையைப் பற்றிச் சொல்லு என்பேன். அவளும் அலுக்காமல் சொன்னாள். காய்ச்சலுக்குப் பனடோல் போடுவதுபோல நான் அதைப் போட்டுக்கொண்டேன். வானொலியில் கேட்டது, தமிழ்த் தொலைக்காட்சியில் பார்த்தது, பூசை முடிந்து கோவில் வாசலில் ஆட்கள் குசுகுசுத்தது எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஒரு வரி என் மனதில் ஊன்றிவிட்டது. கீழ இருந்தவன் தப்பினான்.

தம்பி என்னைக் கேட்ட அந்தக் காலை என் வாயில் வந்தது அதுதான். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று சொன்னால் பொய்.

இரண்டு பெட்டிகள்

அதன்பிறகு அழைப்பு வரவில்லை.

வேலை முடிந்ததும் பஸ்ஸும் சப்வேயும் எடுத்து நகரத்துக்குப் போய்த் தெருவோரத்தில் நின்றேன். எல்லாரும் நின்றார்கள். சண்டையை நிறுத்தச் சொல்லும் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு, மழையில், கைக்குழந்தைகளோடு. ஒருநாள் சனம் நெடுஞ்சாலையிலும் ஏறியது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாய் தன் மகனின் பள்ளிக்கூடப் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். போகிற வருகிற வெள்ளைக்காரர் ஒவ்வொருவருக்கும் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினாள். சிலர் பார்த்தார்கள், சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு நாள் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். அன்று நான் வேலைக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்து என்ன செய்வது? நாற்பது விரிப்பு, அறுபது துவாய். எதையும் சரியாக மடிக்கவில்லை. லூர்தெஸ் என் பங்கையும் பிரித்து மடித்தாள்.

எங்கள் தேவாலயப் பங்கில், யாருக்காகப் பூசை என்று கருத்து எழுதிக் கொடுக்க ஒரு சின்னத் தாள் உண்டு. அதில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று உயிரோடிருப்பவர்களுக்கு, மற்றது மரித்தோருக்கு. தாஸின் பெயரை எழுதிவிட்டு எந்தப் பெட்டியில் கோடு போடுவது என்று தெரியாமல் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு அன்ரி ஒன்பது பெயர் எழுதி, ஒரு பெட்டியையும் தொடாமல் கொடுத்துவிட்டுப் போனார். கந்தோரில் இருந்த பிள்ளை இங்கே பிறந்தவள். “அன்ரி, you have to tick one,” என்று பின்னாலேயே ஓடினாள். அந்த அன்ரி திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உயிரோடிருப்பவர்களின் பெட்டியில் கோடு போட்டேன். அடுத்த கிழமையும் போட்டேன். அதற்கு அடுத்த கிழமையும்.

“காம்பில எங்கயாவது இருப்பான்,” என்றார் என் கணவர். “லிஸ்ற் வரட்டும் பாப்பம். நீர் ஏன் உப்பிடி மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்கிறீர்? நீர் என்ன செய்யலாம் இஞ்ச இருந்துகொண்டு?”

நான் என்ன செய்தேன் என்று அவருக்கு அப்போது தெரியாது. இன்று காலைதான் இந்தத் தாள்களை வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தேத்தண்ணி போடப் போனார். எனக்கும் ஒரு கோப்பை போட்டுக்கொண்டு வந்தார்.

லூர்தெஸ் விட்ட பாதி

ஆனி மாதமாக இருக்க வேண்டும். சலவை அறையில் வேர்த்து ஒழுகியது. விரிப்பின் இரண்டு மூலைகளோடு நான் நின்றேன். அதுவரைக்கும் ஒருநாளும் கேட்காத ஒரு கேள்வி அன்றைக்குத்தான் வாயில் வந்தது.

“லூர்தெஸ், அந்தச் சனம் எவ்வளவு காலம் நிலவறைக்குள்ள இருந்தது?”

“எப்ப? வெடிச்சாப் பிறகோ? அடுத்த நாளே முடிஞ்சுது.”

“என்ன முடிஞ்சுது?”

“எல்லாம்தான். வெடிமருந்து முழுக்கப் போயிட்டுது, இனி எதை வைச்சுச் சுடுறது? பிரெஞ்சுக்காரனோட பேசினாங்கள். கோட்டையை ஒப்படைச்சாங்கள். சூடு நிண்டிட்டுது. சனம் மேல வந்திட்டுது.”

“நிக்காட்டில்?”

அவள் தோளைக் குலுக்கினாள். “நிக்காட்டில் என்ன, ஒரு கிழமையில உள்ளுக்கயே செத்திருப்பினம். நிலவறை எண்டால் என்ன, மாதா கோவிலே? ஒருநாள் ரெண்டுநாள் தாங்கும்.”

“இதை ஏன் முதலே சொல்லேல்ல?”

“ஆருக்கு வேணும் அந்தப் பாதி? சின்னனில நான் ஊர் காட்டேக்க, வெடிச்ச கதை வரைக்கும்தான் வந்தவை கேப்பினம். ஒப்படைச்ச கதையைத் தொடங்கினால் கமராவை மூடிக்கொண்டு சாப்பிடப் போயிடுவினம். அதால நான் அதில நிப்பாட்டிப்போடுவன். அப்பிடியே பழகிப்போச்சு.”

என் கையிலிருந்த மூலைகள் இரண்டும் நழுவி நிலத்தில் விழுந்தன.

கல்லும் மண்ணும் மட்டும் அந்தச் சனத்தைக் காப்பாற்றவில்லை. சுட்டவன் மறுநாள் நிறுத்தியதால்தான் அவர்கள் பிழைத்தார்கள். அல்மெய்டாவின் நிலவறைக்கு மேலே ஒரு பஸ்ஸையே புதைக்கலாம்போல அவ்வளவு மண் இருந்தது. என் தம்பியின் பங்கருக்கு மேலே இருந்தது இரண்டு பனங்குற்றியும், றீற்றாவின் கூறைச் சேலையை வெட்டித் தைத்த மண்மூட்டைகளும். கீழே கடற்கரை மணல். தோண்டத் தோண்டச் சரியும் மணல். இது எனக்குத் தெரியும். அவனே முன்பு சொல்லியிருந்தான். தெரிந்திருந்தும் இருக்கச் சொன்னேன்.

“ஏன் கேக்கிறாய்?” என்றாள் லூர்தெஸ்.

“சும்மா,” என்றேன்.

விழுந்த விரிப்பை எடுத்துத் திரும்பவும் தோய்க்கப் போட்டேன். அன்றிலிருந்து அவளோடு நான் முன்போலப் பேசவில்லை. அவள் என்ன பிழை செய்தாள் என்று தனக்குள் தேடியிருப்பாள். ஒருநாள் எனக்குப் பிடித்த கஸ்ரட் போட்ட சின்னப் பணியாரங்கள் ஒரு பெட்டி வாங்கி வந்து மேசையில் வைத்தாள். நான் எடுக்கவில்லை. அவள் ஒரு பிழையும் செய்யவில்லை என்பதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. வெட்கம்தான், வேறென்ன.

ஓய்வு பெற்ற பிறகு லூர்தெஸ் அல்மெய்டாவுக்கே திரும்பிப் போனாள். இப்போதும் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். ஆகாயத்திலிருந்து எடுத்த படம், பச்சைப் புல்லுக்கு நடுவே பன்னிரண்டு முனை நட்சத்திரம். ஒரு வருடம் மட்டும் நிலவறையின் வாசலைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். உனக்குப் பிடித்த இடம் என்று பின்னால் எழுதியிருந்தாள். அதை நான் அலுமாரியின் அடித்தட்டில், துணிகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

கையால கிண்டினன்

புரட்டாதியில்தான் றீற்றாவின் குரல் கேட்டது. முகாமுக்கு வந்துபோன ஒரு சுவாமியாரின் தொலைபேசியில் எடுத்தாள். அவளும் மகள் நிரோஜாவும் மட்டும் முகாமில் இருந்தார்கள்.

நான் இருக்கச் சொன்ன பிறகு மூன்று கிழமை இருந்திருக்கிறார்கள். ஒருநாள் காலை தாயும் மகளும் தண்ணீருக்குப் போனார்கள். தாஸும் சின்னவன் அனுஷனும் பங்கருக்குள் படுத்திருந்தார்கள். சின்னவனுக்குக் காய்ச்சல்.

“வந்து பாக்க இடம் தெரியேல்ல மச்சாள். மண் சமனாக் கிடந்தது. கையால கிண்டினன். நிரோஜாவும் கிண்டினவள். கிண்டக் கிண்டச் சரியுது. பிறகு திரும்பச் செல்லடி தொடங்கீற்றுது. ஆரோ என்னைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போட்டினம்.”

அடுத்த ஞாயிறு பூசைத் தாளில் மற்றப் பெட்டியில் கோடு போட்டேன். இரண்டு பெயர்.

சில வருடங்கள் கழித்து றீற்றாவும் நிரோஜாவும் கனடா வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து மோர்னிங்சைட்டில் எங்களோடுதான் இருக்கிறார்கள். றீற்றா ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள். நிரோஜா படித்து முடித்துவிட்டாள். மேல்மாடி அவர்களுக்கு, நடுமாடி எங்களுக்கு, பேஸ்மென்ற்றில் துணி தோய்க்கும் மெஷின்.

அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுதான் றீற்றா கேட்டாள். அவள் வந்து ஒரு வருடம் இருக்கும். கட்டில் விரிப்பின் இரண்டு மூலைகள் என் கையில், மற்ற இரண்டும் அவள் கையில்.

“மச்சாள், கேக்கக் கூடாதெண்டுதான் இருந்தனான். கோவிக்காதையுங்கோ. அண்டைக்கு அவர் உங்களோட கதைச்சுப்போட்டு வந்து, நாங்கள் போகேல்ல, இருக்கிறம் எண்டவர். நான் சண்டை பிடிச்சனான். அவர் சொன்னவர், அக்கா கனடாவில இருக்கிறா, அங்க சற்றலைற்றால எல்லாம் பாக்கிறாங்கள், விசயம் தெரிஞ்சுதான் அக்கா சொல்லுறா எண்டு. உங்களுக்கு ஆர் மச்சாள் சொன்னது?”

என் தம்பி அப்படி நம்பியிருக்கிறான். கனடாவில் இருக்கிற அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று. அக்காவோ நிலத்துக்குக் கீழே, ஜன்னலில்லாத ஓர் அறையில், பஞ்சில் செய்த ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றவள்.

“ரீவியில சொன்னவை,” என்றேன். “எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை றீற்றா. வெளிக்கிடாமல் இருக்கிறதுதான் பாதுகாப்பு எண்டு.”

அவள் விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். பிறகு தலையாட்டினாள்.

“அப்ப சரி மச்சாள். எல்லாருமே அப்பிடி நினைச்சிருக்கினம். அவரில பிழையில்லை.”

அவள் முகம் கொஞ்சம் இளகியது. என் கையில் இருந்த மூலைகளை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் தானே மடித்தாள். அந்தப் பொய்யோடு அவள் இத்தனை வருடம் நித்திரை கொண்டிருக்கிறாள். நான் கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை

இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை காலை வோபர்னில் தமிழ்க் கடைகளின் வாசலில் கட்டுக்கட்டாய்க் கிடக்கும். றீற்றா வேலைக்குப் போகும் வழியில் இரண்டு பிரதி எடுப்பாள், ஒன்று எனக்கு. பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் முதலில் புரட்டுவது என் பக்கத்தைத்தான். கார் பழகிய கதையை வாசித்துவிட்டுப் படியில் குந்தியிருந்து சிரித்த சிரிப்பில் நிரோஜா மேலிருந்து “அம்மா, are you okay?” என்று கத்தினாள். தாஸ் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

எழுதாமல் விட்டிருக்கலாம். வேறு கதை என்னிடம் எத்தனையோ இருக்கிறது. ஆனால் என் தம்பியில் பிழையில்லை என்று அவள் சொன்னபோது, அதற்கு நான் கொடுத்த காரணம் பொய். அந்தப் பொய் விழுந்தாலும் அவள் சொன்னது உண்மையாய் நிற்க வேண்டும். அவனில் பிழையில்லை என்பதை நான் சரியான காரணத்தோடு சொல்ல வேண்டும்.

றீற்றா, ரீவியில் யாரும் சொல்லவில்லை. இங்கே யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. எங்கேயோ ஒரு கோட்டையூரின் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு, உன் புருசனையும் பிள்ளையையும் பங்கருக்குள் இருக்கச் சொன்னது நான்தான். நீ போவம் என்றாய். நீ சொன்னதுதான் சரி.

வாசித்து முடித்ததும் கீழே வா. நான் பேஸ்மென்ற்றில் நிற்பேன், வெள்ளிக்கிழமை விரிப்புகள் தோய்க்கிற நாள். நீ வராவிட்டால் நான் தனியாகவே மடிப்பேன்.